வகுப்பில் புரிகிறது, வாய்தான் வரவில்லை

கேள்வி: வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் ஜெர்மன் படிக்கிறேன். தொடக்க நிலையான ஏ1 முடித்து, அடுத்த நிலையான ஏ2-வில் இருக்கிறேன். ஆசிரியர் பேசுவது ஓரளவு புரிகிறது, பயிற்சித் தாளில் மதிப்பெண்ணும் வருகிறது. ஆனால் என் பெயரைச் சொல்லிக் கேள்வி கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. தவறவிட்ட வகுப்புகளின் வீடியோக்கள் வேறு குவிந்து கிடக்கின்றன. நேரடி வகுப்புக்கு மாறிவிடலாமா?

பதில்: மாறுவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மணி நேர வகுப்பில் 15 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் வாயே திறக்காவிட்டாலும் தலைக்கு 4 நிமிடம்தான். அவர் பேசுவது, 'கேட்கிறதா?' விசாரிப்பு, ஸ்கிரீன் ஷேர் தடுமாற்றம் எல்லாம் போக உங்கள் பங்குக்கு ஒன்றிரண்டு நிமிடம் தேறினால் பெரிது. நேரடி வகுப்பிலும் தனியாகப் பேசக் கிடைப்பது இவ்வளவுதான். ஆனால் அங்கே எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள், பக்கத்தில் இருப்பவரோடு பேசிப் பழகுவார்கள். ஆன்லைனில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினால் குரல்கள் வெட்டுப்பட்டு இரைச்சலாகிவிடும். அதனால் ஆசிரியர் அனைவரையும் மியூட் செய்துவிடுகிறார். நீங்களும் வாயை மூடிக்கொண்டு கேட்கத் தொடங்கிவிடுகிறீர்கள். சிக்கல் அங்கேதான்.

மியூட்டில் இருப்பதைச் சாதகமாக்கிக்கொள்ளுங்கள். அடுத்தவரிடம் கேட்கப்படும் ஒவ்வொரு கேள்விக்கும் நீங்களும் வாய்விட்டுப் பதில் சொல்லுங்கள், முணுமுணுப்பு போதாது. தப்பாகச் சொன்னாலும் யாருக்கும் கேட்கப்போவதில்லை. பிறகு அவர் சொன்னதோடும் ஆசிரியர் திருத்தியதோடும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். உச்சரிப்பையும் இப்போதே பிடிக்கலாம். 'யூ' எழுத்தின் மேல் இரண்டு புள்ளி வருகிறதே, அந்த ஒலிக்கு நாக்கை 'ஈ' சொல்லும் நிலையிலேயே வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் 'ஊ' போலக் குவிக்க வேண்டும். உங்கள் வீடியோவிலேயே உதடு குவிகிறதா என்று தெரியும். மற்ற நேரத்தில் உங்கள் முகம் உங்களுக்குத் தெரியாதபடி மறைத்துவிடுங்கள். தன் முகத்தையே பார்த்துக்கொண்டு பேசினால் யாருக்கும் கூச்சம் வரும்.

பெயர் சொல்லி அழைக்கும்போது திகைப்பதற்குப் பாதிக் காரணம் இணையத்தின் தாமதம். கேள்வி உங்களை வந்தடையவும் பதில் அங்கே போய்ச் சேரவும் ஒரு கணம் பிடிக்கிறது. அந்த அமைதியை 'தப்பாகச் சொல்லிவிட்டேன்' என்று மனம் எடுத்துக்கொள்கிறது. இரண்டு வாக்கியங்களை யோசிக்காமல் வரும் அளவுக்குப் பழகிவையுங்கள்: 'ஐனன் மோமென்ட், பிட்டே' (ஒரு நிமிடம்), 'கோனன் ஸீ தஸ் பிட்டே வீடர்ஹோலன்?' (மறுபடி சொல்ல முடியுமா?). வாய் திறந்துவிட்டால் அடுத்தது வரும்.

ப்ளூடூத் ஹெட்செட் வைத்திருந்தால் இன்னொன்று. அதன் மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தும்போது பெரும்பாலானவற்றில் ஒலித்தரம் இறங்கிவிடும். 'ஸ்', 'ஃப்' போன்ற ஒலிகளின் வேறுபாடு உயர் அதிர்வெண்ணில் இருப்பதால் முதலில் அடிபடுவது அவைதான். சாதாரண ஒயர் வைத்த ஹெட்செட் போதும். 'காது சரியில்லை' என்று தன்னையே நொந்துகொள்பவர்கள் பலருக்கு இதுவே தீர்வாக இருக்கும்.

குவிந்த வீடியோக்களை வரிசையாகப் பார்க்க உட்கார வேண்டாம். ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், படித்துவிட்டு அதை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். இரண்டாம் முறை பார்க்கும்போது 'இது தெரியுமே' என்று தோன்றுவதை நம்பாதீர்கள். பாட நூலில் அந்த அலகின் பயிற்சிகளை முதலில் செய்யுங்கள். தடுக்கிய இடத்துக்கு மட்டும் வீடியோவை ஓட்டுங்கள். தடுக்காத பாடத்தின் வீடியோவை அழித்துவிட்டாலும் நஷ்டமில்லை.

சொற்களுக்கு, ஒரு பக்கம் சொல்லும் மறுபக்கம் பொருளும் எழுதிய அட்டைகள் போதும். பத்திரிகையாளர் செபாஸ்டியன் லைட்னர் 1972-ல் பரப்பிய முறை அது: சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போய் நாள் கழித்து வரும், தவறியது முதல் பெட்டிக்கே திரும்பும். பெயர்ச்சொல்லை மட்டும் எழுதாமல், அதன் பாலைக் காட்ட முன்னால் வரும் டேர், டீ, தஸ் ஆகியவற்றில் எது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். பின்னால் தனியாகப் படிப்பது பெரிய தலைவலி.

நேரடி வகுப்பு கிடைத்து, அங்கே ஆட்களும் குறைவாக இருந்தால் மாறுங்கள், தவறில்லை. முப்பது பேர் இருக்கும் நேரடி வகுப்பு என்றால் இப்போதைய இடமே மேல். எதுவானாலும் வகுப்பிலிருந்து ஒருவரைத் துணைக்குப் பிடித்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் மொழித் தேர்வுகளை நடத்தும் கோத்தே நிறுவனத்தின் ஏ2 பேச்சுத் தேர்வையே பொதுவாக இரண்டு பேராக வைத்துத்தான் நடத்துவார்கள், சுமார் 15 நிமிடம். அதன் கடைசிப் பகுதியில் இருவரும் தத்தம் நாட்குறிப்பைப் பார்த்துப் பேசி, ஒன்றாகச் செய்ய வேண்டிய வேலைக்கு நேரம் குறிக்க வேண்டும். அடுத்த பயிற்சியை எப்போது வைத்துக்கொள்வது என்பதை உங்கள் துணையோடு ஜெர்மனிலேயே பேசி முடிவு செய்யுங்கள்.