சமீபகாலமாக உங்கள் ஓய்வு நேரம் எதில் போகிறது? விளையாட்டா, வாசிப்பா, இசையா, சினிமாவா?

நான்கும் உண்டு, ஆனால் சம பங்கு கிடையாது. பெரும்பகுதி ஷட்டிலுக்கும் (பேட்மிண்டன்) குறுந்தொகைக்கும் போய்விடுகிறது. அதற்கடுத்து கர்நாடக இசை. சினிமாவுக்கு மிச்சம் இருப்பதுதான்.

பொழுதுபோக்கு என்றால் மூளைக்கு வேலை இருக்கக் கூடாது என்று நிறையப் பேர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு ஆட்டத்தையோ பாட்டையோ பற்றி ஒரே ஒரு சின்ன விஷயம் கூடுதலாகத் தெரிந்துவிட்டால், அதுவரை கண்ணிலும் காதிலும் படாதது எல்லாம் படத் தொடங்குகிறது. இப்போதைக்கு என் ஓய்வு நேர இன்பம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

முதலில் ஷட்டில். வாரக் கடைசியில் டபுள்ஸ் ஆடுகிறோம். போட்டி, கோப்பை என்று எதுவும் இல்லை. வேகமாக அடிப்பதுதான் ஆட்டம் என்று வெளியிலிருந்து பார்த்தால் தோன்றும். 2023-ல் இந்திய வீரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் அடித்த ஸ்மாஷ் கின்னஸ் சாதனையானது; அது மட்டையை விட்டுக் கிளம்பும் நொடியின் வேகம். 16 இறகுகள் செருகிய, ஏறத்தாழ 5 கிராம் எடையுள்ள அந்தப் பொருளைக் காற்று உடனே பிடித்து நிறுத்தப் பார்க்கிறது. அதனால் கோர்ட்டின் அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்வதற்குள் வேகத்தின் பெரும்பகுதி கரைந்துவிடும். வேறு எந்தப் பந்தும் இப்படிப் பறந்து, இப்படித் தயங்கி, இப்படி விழுவதில்லை. முழு வீச்சில் கையை ஓங்கிவிட்டு, கடைசி நொடியில் மணிக்கட்டைத் தளர்த்தி நெட்டுக்குப் பக்கத்தில் போடும் டிராப் இவ்வளவு ஏமாற்றுவதற்கும் காரணம் அதுதான்.

ஆட்டத்தையே எனக்கு மாற்றிக் காட்டியவை இரண்டு விஷயங்கள். ஒன்று, எதிராளி அடிப்பதற்குச் சற்று முன் போடும் சின்னக் குதி. ஸ்பிளிட் ஸ்டெப் என்பார்கள். பாதம் தரையைத் தொடும்போது ஷட்டில் எந்தப் பக்கம் வருகிறது என்று தெரிந்திருக்கும், இறங்கிய உந்துதலிலேயே அந்தப் பக்கம் கிளம்பிவிடலாம். இன்னொன்று, டபுள்ஸில் ஜோடி நிற்கும் விதம். நாம் கீழ்நோக்கி அடிக்கும் வரை ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். தூக்கிக் கொடுத்த மறுகணம் இருவரும் பக்கத்துப் பக்கத்தில். இது பழகிவிட்டால் "நீ எடு, நான் எடுக்கிறேன்" என்ற கூச்சல் அடங்கிவிடுகிறது. பேசாமலே இரண்டு பேரும் இடம் மாறிக்கொள்ளும்போது வரும் சந்தோஷம் புள்ளி எடுப்பதில்கூட வருவதில்லை. 21 புள்ளி ஆட்டத்தில் ஒவ்வொரு அடிக்கும் கணக்கு உண்டு என்பதும் எனக்குப் பிடித்திருக்கிறது. 2006-க்கு முன்பு போல சர்வீஸ் கையில் இருந்தால்தான் புள்ளி என்பது இப்போது இல்லை.

அப்புறம் வாசிப்பு. சில மாதங்களாகக் குறுந்தொகைதான். கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்கள், பெரும்பாலானவை 4 முதல் 8 அடிகளுக்குள். உ.வே.சாமிநாதையர் 1937-ல் உரையோடு பதிப்பித்ததை வைத்துத்தான் படிக்கிறேன். நாளுக்கு ஒரு பாடல். அதற்கு மேல் படித்தால் முதல் பாடல் கலைந்துவிடுகிறது.

படிப்பதற்கு நானே ஒரு முறை வைத்துக்கொண்டேன். பாடலோடு "தலைவி கூற்று", "தோழி கூற்று" என்று ஒரு குறிப்பு இருக்கும் அல்லவா, அதைக் கையால் மறைத்துக்கொள்வேன். பாடலை இரண்டு மூன்று முறை வாய்விட்டுப் படித்து, பேசுவது யார், யாரிடம், எந்தச் சூழலில் என்று நானாகக் கண்டுபிடிக்கப் பார்ப்பேன். சிலவற்றில் விளியே காட்டிக்கொடுத்துவிடும். "தோழி" என்று அழைத்தால் பேசுவது பெரும்பாலும் தலைவி. "நெஞ்சே" என்றால் பல நேரம் தலைவன். தேர்ப்பாகனிடம் பேச்சு என்றால் வினை முடித்துத் திரும்புகிறவன். விளி இல்லாத பாடல்களில்தான் வேலை இருக்கிறது. மழை பெய்ததா, ஓய்ந்ததா, என்ன பூ பூத்திருக்கிறது, பறவை தனியாக இருக்கிறதா ஜோடியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் துழாவ வேண்டும். அப்படித் துழாவும்போதுதான் முதற்பொருள் (நிலமும் பொழுதும்), கருப்பொருள் (அந்த நிலத்தின் பூ, பறவை போன்றவை) எல்லாம் பள்ளியில் மனப்பாடம் செய்த பட்டியலாக இல்லாமல் உயிரோடு வருகின்றன.

41-ஆம் பாடலைச் சொல்ல வேண்டும். காதலர் பக்கத்தில் இருந்தால் திருவிழா நடக்கும் ஊரைப் போல மகிழ்வேன், அவர் பிரிந்தால், மக்கள் விட்டுப் போன, முற்றத்தில் அணில் விளையாடும் வீட்டைப் போலப் பொலிவிழந்து வருந்துவேன் என்கிறாள் தலைவி. ஆறே அடி. வெறும் வீடு என்று சொல்லி நிறுத்தியிருந்தால்கூட நமக்குப் புரிந்திருக்கும். ஆனால் அணில் வந்து விளையாடுகிறது. மனிதர் நடமாட்டம் நின்று எத்தனை காலம் ஆகியிருந்தால் அது அத்தனை பயமின்றி வரும்! இதைப் பாடியவரின் இயற்பெயர் நமக்கு இல்லை. அந்த அணிலை வைத்தே அணிலாடு முன்றிலார் என்று அழைக்கிறோம். நான் இதுவரை படித்ததில் இதற்கு இணையான உவமை எனக்குக் கிடைக்கவில்லை.

இசையில் பாடவோ வாசிக்கவோ நான் போகவில்லை, ஒழுங்காகக் கேட்கப் பழகுகிறேன். முதலில் கையில் தாளம். ஆதி தாளம்: ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டு-வீச்சு, தட்டு-வீச்சு. மொத்தம் எட்டு. இதை விடாமல் போட்டுக்கொண்டே கல்பனாஸ்வரம், அதாவது பாடகர் அப்போதைக்கப்போது கற்பனையாகப் பாடும் ஸ்வரங்கள், கேட்டுப் பாருங்கள். பாடகர் எங்கெங்கோ சுற்றிவிட்டு, பாட்டின் வரி தொடங்கும் அதே எடுப்பில் வந்து இறங்குவார். தாளம் போடாமல் கேட்டால் அது அழகான ஸ்வரக் கோவை, அவ்வளவுதான். போட்டுக்கொண்டு கேட்டால், வந்து சேர்ந்துவிடுவாரா என்று நம் நெஞ்சும் கூடவே துடிக்கும். வரி முதல் தட்டிலேயே தொடங்காமல் சற்றுத் தள்ளித் தொடங்கும் கீர்த்தனை என்றால் இன்னும் பரபரப்பு.

ராகம் கண்டுபிடிக்க ஜோடி ஜோடியாகக் கேட்கிறேன். சங்கராபரணமும் கல்யாணியும் "ம" என்ற ஒரே ஒரு ஸ்வரத்தில்தான் வேறுபடுகின்றன: முன்னதில் சுத்த மத்யமம், பின்னதில் பிரதி மத்யமம். தாய் ராகங்களான 72 மேளகர்த்தாக்களின் வரிசையில் ஒன்று 29, மற்றது 65. முதல் 36-ம் சுத்த மத்யமம், அடுத்த 36-ம் அதே வரிசையில் பிரதி மத்யமம். நடுவில் சரியாக 36 இருப்பதற்குக் காரணம் அந்த ஒரு மத்யமம்தான். மோகனமும் ஹம்சத்வனியும் இன்னொரு நல்ல ஜோடி. ஸ, ரி, க, ப வரை இரண்டும் ஒன்று, பிறகு மோகனம் தைவதத்துக்கு (த) போகிறது, ஹம்சத்வனி நிஷாதத்துக்கு (நி). ஒரு ஸ்வரம் மாறினால் மனநிலையே மாறிவிடுவது எனக்கு இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது.

சினிமாவைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். புதுப்படங்களைத் துரத்துவதை விட்டுவிட்டு, பிடித்த படத்தில் ஒரு காட்சியை மட்டும் எடுத்து முதலில் ஒலி இல்லாமலும், பிறகு திரையைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேட்டும் பார்க்கிறேன். நூறு ஆண்டுகளுக்கு முன் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் ஒரு நடிகரின் ஒரே முகத் துண்டை வெவ்வேறு காட்சிகளோடு ஒட்டிக் காட்ட, பார்த்தவர்களுக்கு அதே முகத்தில் வெவ்வேறு உணர்ச்சிகள் தெரிந்தனவாம். ஒலியை நிறுத்திவிட்டு எடிட்டிங்கைக் கவனித்தால், நாம் நடிப்பு என்று பாராட்டியதில் வெட்டி ஒட்டியவரின் பங்கு எவ்வளவு என்பது தெரியவரும்.

இவ்வளவுக்கும் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். பாடலுக்குக் கால் மணி நேரம் போதும், இசை பயணத்தில் கேட்பது, ஒரு காட்சி பார்க்க அரை மணி நேரம்கூட ஆகாது. ஷட்டிலுக்கு மட்டும்தான் தனியாக நேரம் ஒதுக்குகிறேன்.

குறுந்தொகை முடிந்ததும் அகநானூறு தொடங்குவதாக இருக்கிறேன். அங்கே 13 அடி முதல் 31 அடி வரை ஒவ்வொரு பாடலும் நீளும். நாளுக்கு ஒன்று என்ற வேகம் சரிப்படாது, வாரத்துக்கு இரண்டு என்று வைத்துக்கொள்ளலாம் என நினைக்கிறேன். ஏற்கெனவே படித்தவர்கள் எந்த உரையோடு படித்தால் நல்லது என்று சொன்னால் எனக்கு உதவியாக இருக்கும்.