காரணிப்படுத்த வராத இருபடிச் சமன்பாட்டை எப்படித் தீர்ப்பது?

மகன் நான்காம் படிவம், காரணி கிடைக்காத கணக்கு வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் வைத்தவன்தான். ஆறாம் ஆண்டுவரை தமிழ்ப்பள்ளி, அப்புறம் எல்லாம் மலாய்; ஆசிரியர் கரும்பலகையில் 'பென்யெம்பூர்னாஆன் குவாசா டுவா' என்று எழுதிய அன்று ஏதோ வியாதியின் பெயர் என்றுதான் நினைத்தேன். வர்க்கத்தை நிறைவாக்குவது, அவ்வளவுதான் அர்த்தம். இப்போது சனிக்கிழமைகளில் பட்டர்வொர்த்தில் நானே டியூஷன் எடுக்கிறேன், பிள்ளைகள் முகத்தில் அதே திகைப்பைப் பார்க்கிறேன்.

முதலில், காரணி இருக்கிறதா என்று குருட்டாம்போக்கில் தேட வேண்டாம். சமன்பாட்டில் எக்ஸ் வர்க்கத்தின் முன்னால் நிற்பது முதல் எண், எக்ஸின் முன்னால் நிற்பது நடு எண், தனியாக நிற்பது கடைசி எண். நடு எண்ணை வர்க்கமாக்கி, அதிலிருந்து 4 × முதல் எண் × கடைசி எண்ணைக் கழிக்கட்டும். 9, 25, 49 மாதிரி முழு வர்க்கம் வந்தால் காரணி உண்டு, தேடலாம். 17, 20 என்று வந்தால் தேடுவது வீண். பூஜ்யத்துக்குக் கீழே போனால் மெய்யெண் விடையே இல்லை.

க² − 6க + 4 = 0 என்று வைத்துக்கொள்வோம் (எக்ஸ் தட்ட கீபோர்டை மாற்றச் சோம்பல், அதனால் க). 36 − 16 = 20, காரணி வராது. சரி, முதல் எண் 1 ஆக இருந்தால், நடு எண்ணின் குறியை மாற்றினால் கிடைப்பது இரண்டு விடைகளின் கூட்டுத்தொகை, கடைசி எண் அவற்றின் பெருக்கற்பலன். கூட்டினால் 6 என்றால் நடுவில் இருப்பது 3. ஒரு விடை 3ஐவிடக் கொஞ்சம் கூட, மற்றது அதே அளவு குறைய. அந்தக் கொஞ்சத்தை த என்போம். (3 + த)(3 − த) = 9 − த², அது 4 ஆக வேண்டும், ஆகவே த² = 5. விடை 3 + √5, 3 − √5. ஊகமே கிடையாது! 2019இல் போ-ஷென் லோ என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் இந்த வழியைப் பரப்பினார், ஆனால் இதன் வேர் பாபிலோனியர் காலத்துக்குப் போகிறது.

முதல் எண் 1 இல்லையென்றால் முழுவதையும் அதால் வகுத்துவிட்டு இதையே செய்யலாம், ஆனால் 2க² − 7க + 4 = 0 போன்றதில் 1.75, 3.0625 என்று தசமம் கழுத்தை நெரிக்கும். அங்கே சூத்திரமே மேல்: நடு எண்ணின் எதிர்க்குறி ± √(முதலில் சொன்ன கழித்தலின் விடை), மொத்தத்தையும் 2 × முதல் எண்ணால் வகுக்க வேண்டும். இங்கே 49 − 32 = 17, ஆகவே (7 ± √17) ÷ 4. நடு எண் −7, அதன் எதிர்க்குறி +7. முன்னோட்டச் சோதனையில் நான் −7 என்றே போட்டு, போதாததற்கு √17ஐ மட்டும் 4ஆல் வகுத்து, ஒரே கணக்கில் இரண்டு தப்பு செய்தேன். பின்னக்கோடு இரண்டுக்கும் கீழே நீள வேண்டும்.

கால்குலேட்டர் விடை தந்துவிடும், ஆனால் வழிமுறை எழுதாவிட்டால் மார்க் போகும், அதனால் அதைச் சரிபார்க்க மட்டும் எடுக்கட்டும். கையாலேயே பார்க்கலாம்: முதல் கணக்கின் 3 + √5, 3 − √5 என்பது ஏறக்குறைய 5.236, 0.764; 5.236 + 0.764, சரியாக 6 வருகிறதா?