மண்டபம் முகாம் பெண்ணுக்கு 'ஒர்க் பெர்மிட்' எங்கே கிடைக்கும்?

கேள்வி: அண்ணா, நான் மண்டபம் இலங்கைத் தமிழர் அகதி முகாமில் இருக்கிறேன். 2006ல் இலங்கையிலிருந்து படகில் வந்து தனுஷ்கோடி அரிச்சல்முனைப் பக்கம் மணல்திட்டில் இறக்கிவிட்டபோது எனக்கு மூன்று வயது. இப்போது பி.காம். முடித்துவிட்டேன். சென்னையில் ஒரு கம்பெனியில் செலக்ட் ஆனேன், ஆனால் பாஸ்போர்ட் அல்லது ஒர்க் பெர்மிட் இருந்தால்தான் சேர்ப்போம் என்கிறார்கள். அமெரிக்காவில் சின்ன வயதில் கூட்டி வரப்பட்டவர்களுக்கு வேலை அனுமதி அட்டை உண்டாமே, இங்கே அதற்கு எங்கே மனுப் போடுவது? அம்மாகூட 84ல் இதே முகாமில்தான் பிறந்தாராம், 87 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு ஊர் திரும்பினார்களாம்.

பதில்: தங்கச்சி, முதலில் கசப்பான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்படி ஓர் அட்டை இந்தியாவில் உங்களுக்குக் கிடையாது, அதனால் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. உங்கள் விஷயமெல்லாம் அரசு ஆணைகளில்தான் ஓடுகிறது.

அமெரிக்கச் சங்கதியும் கேட்பதற்குத்தான் நன்றாக இருக்கும். 'டாகா' என்று அதற்குப் பெயர், 2012 ஜூன் 15ல் ஒபாமா அரசு அறிவித்தது. 16 வயது ஆவதற்குள் வந்திருக்க வேண்டும், 2007 ஜூன் முதல் அங்கேயே இருந்திருக்க வேண்டும், இப்படிப் பல நிபந்தனைகள். இரண்டு இரண்டு வருடமாகப் புதுப்பிக்கும் அனுமதிதான் அது, குடியுரிமைக்கு அதில் வழி இல்லை, 2021ல் டெக்சாஸ் நீதிமன்றம் போட்ட உத்தரவோடு புதியவர்களுக்குக் கொடுப்பதும் நின்றுபோனது. அதை நினைத்து ஏங்க வேண்டாம்.

சரி, பெர்மிட் இல்லாமல் வேலைக்குப் போனால் பிரச்சினை வருமா? உங்கள் முகாமையே பாருங்கள், பெயின்ட் வேலைக்கும் கட்டட வேலைக்கும் தனியார் கம்பெனிக்கும் எத்தனை பேர் போய் வருகிறார்கள், அது முகாமைக் கண்காணிக்கும் கியூ பிராஞ்ச் போலீசுக்கோ வருவாய்த் துறைக்கோ தெரியாத ரகசியமா என்ன. வேலை பார்க்க உரிமை உண்டு என்று எழுதிக்கொடுத்த தாள் இல்லையே தவிர, நடைமுறையில் தனியார் வேலையை யாரும் தடுப்பதில்லை. இன்னொன்று, 2025 செப்டம்பரில் புதிய குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது கூடவே ஒரு விலக்கு ஆணையும் வந்தது: 2015 ஜனவரி 9க்குள் இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பொருந்தாது. நீங்கள் வந்தது 2006, பதிவும் இருக்கிறது, அதனால் அந்த விலக்கில் வருவீர்கள். இது வேலை அனுமதியும் இல்லை, குடியுரிமையும் இல்லை, ஆனால் 'பாஸ்போர்ட் ஏன் இல்லை' என்று கம்பெனி கேட்டால் காட்டுவதற்கு அரசின் எழுத்து ஒன்று இருக்கிறது. அந்த ஆணையின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனிக்கு வாய்ப்பேச்சாக விளக்காமல் கடிதமாகவே கொடுங்கள். பதிவு பெற்ற இலங்கைத் தமிழர், 2006 முதல் மண்டபம் மறுவாழ்வு முகாமில் வசிக்கிறேன், இன்ன ஆவணங்கள் என்னிடம் உள்ளன என்று நேராக எழுதி, முகாம் அடையாள அட்டை, ஆதார், பட்டச் சான்று எல்லாவற்றையும் இணைத்துவிடுங்கள். சென்னையில் தங்கப்போவதால் முகாமில் தனித்துணை ஆட்சியர் அலுவலகத்தில் முன்பே எழுத்தில் அனுமதி கேளுங்கள், இல்லையென்றால் முகாமில் ஆள் சரிபார்க்கும் தணிக்கையில் ஆள் இல்லை என்று பதிவாகி, மாதாமாதம் அரசு தரும் பணக்கொடையும் முகாம் பதிவில் உள்ள பெயரும் சிக்கலாகும். அந்த அனுமதிக் கடிதமே கம்பெனிக்கும் காட்ட உதவும். என் அனுபவத்தில், வெளிநாட்டு வாடிக்கையாளர் இருக்கிற பெரிய கம்பெனிகள் பின்னணி சரிபார்ப்பில் நின்றுவிடுகின்றன, மதுரை, திருச்சிப் பக்கத்து நடுத்தர நிறுவனங்கள் முதலாளி மனது வைத்தால் எடுத்துக்கொள்கின்றன. இது நியாயம் என்று சொல்லவரவில்லை. அரசு வேலை, வக்கீல் பதிவு போன்றவை குடியுரிமை இல்லாமல் இப்போதைக்கு நடக்காது.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். எந்தப் படிவத்திலும் 'இந்தியர்' என்று நீங்களாக டிக் அடிக்காதீர்கள், ஆதார் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம், ஆதார் குடியுரிமைக்குச் சான்று அல்ல. பான் அட்டைக்குக்கூட இந்தியக் குடிமக்களுக்கு ஒரு படிவம், மற்றவர்களுக்கு வேறு படிவம், பிரவுசிங் சென்டர்காரர் அவசரத்தில் முதல் படிவத்தைப் போட்டுவிடுவார், கூடவே உட்கார்ந்து பாருங்கள். குடிமகன் அல்லாதவர் அதை மறைத்துப் பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டால் குறைந்தது ஒரு வருடம், அதிகபட்சம் ஐந்து வருடம் சிறை.

இப்போது உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன், எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. குடியுரிமைச் சட்டத்தின் 3வது பிரிவுப்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். 1986ல் இதே மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் மறுத்தபோது, 2022 ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இந்தக் காரணத்தைச் சொல்லித்தான் கொடுக்க உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். அப்படியானால் 84ல் பிறந்த உங்கள் அம்மா? அவர் இந்தியர் என்றால், வெளிநாட்டில் 2003ல் பிறந்த உங்களுக்கும் 4வது பிரிவில் வம்சாவழிக் குடியுரிமை கேட்க இடம் இருக்கிறது, ஏனென்றால் தூதரகத்தில் பதிவு கட்டாயம் என்ற விதி 2004 டிசம்பர் 3க்குப் பிறகு பிறந்தவர்களுக்குத்தான்.

நேராகக் கிடைத்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பெண் இங்கேயே இருந்தவர், உங்கள் அம்மா போய்விட்டுத் திரும்பியவர். அங்கே இலங்கை அடையாள அட்டை வாங்கியிருந்தால், விரும்பி வேறு குடியுரிமை பெற்றவர், 9வது பிரிவில் இந்தியக் குடியுரிமை போய்விட்டது என்று அரசுத் தரப்பு வாதாடும். குழந்தையாக இருந்தபோது பெற்றோர் செய்ததை அவராக விரும்பியது என்று எப்படிச் சொல்வது என்பது நம் பக்கத்து வாதம். நீதிமன்றத்தில்தான் இதற்கு முடிவு கிடைக்கும், ஆனாலும் போராடத் தகுந்த வழக்கு என்பேன்.

அதனால் முதல் வேலை, அம்மாவின் பிறப்புப் பதிவைத் தேடுவது. மண்டபம் பேரூராட்சியில் கேளுங்கள், முகாம் ஆஸ்பத்திரிப் பழைய பதிவேட்டையும் கேளுங்கள், பாட்டியின் 83–87 காலத்து முகாம் அட்டையோ ரேஷன் தாளோ பெட்டியின் அடியில் கிடந்தால் பத்திரப்படுத்துங்கள், லேமினேஷன் மட்டும் செய்ய வேண்டாம். பதிவே இல்லை என்றாலும் தாமதப் பதிவுக்கு வழி உண்டு. முன்பு அதற்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது, இப்போது அந்த அதிகாரம் வருவாய் அதிகாரிகளிடம் வந்துவிட்டது. வக்கீல் செலவை நினைத்துத் தயங்காதீர்கள், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் மனு கொடுங்கள், அம்மாவையும் கூட்டிப் போங்கள், மனு அவர் பெயரில்தான் போக வேண்டும்.