கைவண்டி இழுத்தவர்கள்

கேள்வி: மார்மன்கள் கைவண்டி இழுத்தே அமெரிக்காவைக் கடந்தார்கள் என்கிறார்களே, நம்பலாமா? (வாசகர், தென்காசி)

பதில்: பாதி அமெரிக்காவை என்றால் தாராளமாக நம்பலாம். 1856 முதல் 1860 வரை சுமார் 3,000 பேர் அப்படிப் போனார்கள். மார்மன் என்பது அமெரிக்காவில் தோன்றிய ஒரு மதப் பிரிவு; போனவர்கள் பெரும்பாலும் பிரிட்டனிலும் ஸ்காண்டிநேவியாவிலும் அதற்கு மாறிய ஏழைகள். முதலில் அயோவா சிட்டி வரை ரயில். பிறகு மார்மன்களின் தலைமையிடமான சால்ட் லேக் சிட்டிக்கு 2,000 கிலோமீட்டர் நடை! மாட்டு வண்டி கட்டுப்படியாகாது என்று தலைவர் பிரிகாம் யங் வகுத்த சிக்கனத் திட்டம் அது. ஆளுக்கு 17 பவுண்டு மூட்டைதான், போர்வையும் அதற்குள் அடக்கம். அவசரத்தில் பச்சை மரத்தில் செய்த வண்டிகள் வறண்ட காற்றில் சுருங்கி, வழியெல்லாம் உடைந்தன.

1856இல் இரண்டு குழுக்கள் காலம் தாழ்த்திக் கிளம்பின. அவற்றில் ஒன்றோடு, பர்மாவில் மத ஊழியம் முடித்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த லீவை சாவேஜ், குளிர்காலத்தை வழியிலுள்ள நெப்ராஸ்காவிலேயே கழிப்போம் என்று மன்றாடினார். யார் கேட்டார்கள்? கண்டிப்புதான் கிடைத்தது. ஆனாலும் அவர் கூடவே நடந்தார். என் கண்ணுக்கு இந்தக் கதையின் நாயகர் அவர்தான், யங் அல்ல. வயோமிங்கில் பனி மடக்கியது. 200க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சால்ட் லேக்கிலிருந்து மாவும் துணியும் ஏற்றிய மீட்பு வண்டிகள் வந்திராவிட்டால் மிச்சப் பேரும் பிழைத்திருப்பது கடினம்.