ஜூலையில் நசரே போகலாமா?

ஜூலையில் அம்மாவோடு போர்ச்சுகலின் கடலோர ஊரான நசரே போய் ராட்சத அலை பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அலை கிடைக்காது; அதன் பருவம் அக்டோபர் முதல் மார்ச் வரை. கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கரையருகே வந்து முடிவதால்தான் அங்கே அலை அப்படி எழும்புகிறது. ஆனால் குளிர்காலப் புயல்தான் அதைத் தள்ளிவிட வேண்டும்.

இருந்தாலும் போங்கள். லிஸ்பனிலிருந்து பஸ்ஸில் சுமார் இரண்டு மணி நேரம். கடற்கரை மணலிலேயே சட்டங்களில் வலை கட்டி, வயிறு பிளந்து விரித்த மீன்களைப் பெண்கள் காயவைத்திருப்பார்கள். கருவாட்டு வாசனைக்கு முகம் சுளிக்காதவர் என்றால் அம்மாவுக்குப் பொழுது போவதே தெரியாது. முழங்கால் வலி என்கிறீர்களே, மேலே சீத்தியோ குன்றுக்குப் படியேற வேண்டாம். 1889இல் தொடங்கிய இழுவை ரயில் இருக்கிறது. குளிப்பதென்றால் ஊர்க் கடற்கரையில் மட்டும். ராட்சத அலை எழும் வடக்குக் கடற்கரை வேண்டவே வேண்டாம். கோடையிலும் தண்ணீர் சில்லென்றுதான் இருக்கும்.