இன்ஸ்டாலை அழுத்தும் முன் கோப்புகளை வெளியே எடுங்கள்

கேள்வி: நான் சிங்கப்பூரில், ஈசூனில் வசிக்கிறேன். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே தமிழ்த் துணைப்பாடம் நடத்துகிறேன். 2021இல் வாங்கிய என் மடிக்கணினி, போன வாரம் விண்டோஸ் 11 புதுப்பிப்பு ஒன்று முடிந்து மறுபடி தொடங்கியபோது நீலத் திரையில் நின்றுவிட்டது. ‘இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்’ என்ற வரி வருகிறது. தானாக அணைந்து மீண்டும் அதே திரைக்கே வருகிறது. கடையில் காட்டினேன். 180 வெள்ளி ஆகும், உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்றார்கள். என் அண்ணன் மகனோ, தம்ப் டிரைவ் ஒன்றைத் தயார் செய்து தானே விண்டோஸைப் புதிதாகப் போட்டுத் தருவதாகச் சொல்கிறான். பத்து ஆண்டுப் பயிற்சித்தாள்களும் அப்பாவின் மணிவிழாப் படங்களும் அதில்தான் இருக்கின்றன. தம்ப் டிரைவை எப்படிச் செய்வது? கடையிலேயே கொடுத்துவிடலாமா?

பதில்: அண்ணன் மகன் தம்ப் டிரைவைத் தயார் செய்யட்டும். அதைக் கொண்டு விண்டோஸைப் புதிதாகப் போட மட்டும் இப்போது விடாதீர்கள். கணினி ஓடவில்லை என்பதற்கு உள்ளே இருப்பவை போய்விட்டன என்று பொருள் இல்லை. உங்கள் பயிற்சித்தாள்களும் படங்களும் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவற்றிடம் போகும் வழிதான் அடைபட்டிருக்கிறது. அதே தம்ப் டிரைவ் அந்த வழியைத் திறக்கவும் செய்யும், எல்லாவற்றையும் துடைத்துப்போடவும் செய்யும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தாய்மாமாவின் மடிக்கணினி இப்படித்தான் நின்றது. அன்று மாலையே விண்டோஸைப் புதிதாகப் போட்டு அவர் கையில் கொடுத்தேன். திறந்து பார்த்துவிட்டு, “குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகப் படமெல்லாம் எங்கே மாப்பிள்ளை?” என்று கேட்டார். அவற்றை அழித்தவன் நான்தான். எஸ்எஸ்டி எனும் சுழலும் பாகம் இல்லாத வட்டில் அழித்து அதன் மேல் புதிதாக எழுதிவிட்டால், மீட்பு மென்பொருளாலும் பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் கோப்புகளை எடுப்பது முதலில், பழுது பார்ப்பது அடுத்து, புதிதாகப் போடுவது கடைசியில் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தம்ப் டிரைவ் வாங்கப் புறப்படும் முன், வட்டு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். கணினியை இயக்கியதும் எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் (எச்பி என்றால் எஃப்10) பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) அமைப்புத் திரை வரும். அங்கே உங்கள் எஸ்எஸ்டியின் பெயரோ கொள்ளளவோ தெரிந்தால் நல்லது. எதையும் மாற்றாமல் வெளியே வந்துவிடுங்கள். வட்டே தெரியவில்லை என்றால் எந்தத் தம்ப் டிரைவும் உதவாது, அது வன்பொருள் கோளாறு. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: உள்ளிருந்து ‘டிக் டிக்’ என்ற ஒலி வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். மறுபடி மறுபடி இயக்கிப் பார்ப்பது சேதத்தைக் கூட்டும்.

இனி தம்ப் டிரைவ். குறைந்தது 8 ஜிபி வேண்டும், 16 வாங்குங்கள். முஸ்தஃபாவிலோ சிம் லிம் ஸ்குவேரிலோ எளிதாகக் கிடைக்கும். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் பழையதை எடுக்காமல் புதிதாக ஒன்று வாங்குவதே மேல். நன்றாக ஓடும் வேறொரு விண்டோஸ் கணினியும் தேவை. அதில் உங்களுக்கு நிர்வாகி உரிமை இருக்க வேண்டும். அண்ணன் மகனின் சொந்தக் கணினி போதும். அலுவலகக் கணினியிலோ நூலகத்தின் பொதுக் கணினியிலோ முயல வேண்டாம், அங்கே இந்த உரிமை கிடைக்காது.

மைக்ரோசாஃப்டின் அதிகாரபூர்வ இணையத்தளத்தில் விண்டோஸ் 11 பதிவிறக்கப் பக்கத்துக்குப் போனால் ‘மீடியா கிரியேஷன் டூல்’ என்ற சிறு செயலி இலவசமாகக் கிடைக்கும். தேடுபொறியில் மேலே வரும் விளம்பர இணைப்புகளைத் தொடாதீர்கள். பெயரில் மைக்ரோசாஃப்ட் இருப்பதாலேயே அது மைக்ரோசாஃப்ட் ஆகிவிடாது. செயலியை இயக்கி, மொழியைத் தேர்ந்து, யுஎஸ்பி என்பதைக் காட்டிவிட்டால் மற்றதை அதுவே செய்துகொள்ளும். பல ஜிபி இறங்க வேண்டியிருப்பதால் அரை மணி நேரமாவது பிடிக்கும். அந்த நேரத்தில் வேறு வெளிவட்டு எதுவும் அந்தக் கணினியில் செருகியிருக்கக் கூடாது. எந்த வட்டை அழிப்பது என்று செயலி கேட்கும்போது தவறானதைக் காட்டிவிட்டால் போனது போனதுதான். காசு கொடுத்து விண்டோஸ் உரிமம் வாங்கவும் வேண்டாம். விண்டோஸோடு வந்த மடிக்கணினியில் உரிமம் அந்த வன்பொருளோடு பிணைந்திருக்கும். உரிம எண் கேட்டால் ‘என்னிடம் இல்லை’ என்பதைத் தேர்ந்து மேலே போகலாம்.

விண்டோஸுக்குள்ளேயே ‘ரெக்கவரி டிரைவ்’ என்று இன்னொரு வசதி உண்டு. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். அது கணினி நன்றாக ஓடும்போது அதே கணினிக்காகச் செய்து வைத்துக்கொள்வது. இப்போது உங்களுக்கு அது இல்லை, கணினி குணமானதும் 32 ஜிபி தம்ப் டிரைவில் ஒன்று செய்து வையுங்கள்.

தயாரான தம்ப் டிரைவை உங்கள் மடிக்கணினியில் நேரடியாகச் செருகுங்கள், இடையில் ஹப் வேண்டாம். ஆற்றல் பொத்தானை அழுத்திய கையோடு பூட் மெனு (எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பட்டியல்) விசையைத் தட்டத் தொடங்க வேண்டும். டெல், லெனோவோ, ஏசர் என்றால் எஃப்12. எச்பி என்றால் எஸ்கேப், பிறகு எஃப்9. ஆசுஸ் மடிக்கணினியில் எஸ்கேப். சில கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். சில ஏசர் கணினிகளில் எஃப்12 மெனுவை முதலில் பயாஸில் இயக்கிவிட வேண்டும். வரும் பட்டியலில் தம்ப் டிரைவின் பெயரைத் தேர்ந்தெடுங்கள்.

நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் ‘செக்யூர் பூட்’டை அணைக்கச் சொல்லும் அறிவுரை இணையத்தில் நிறைய உண்டு. மைக்ரோசாஃப்ட் செயலியால் செய்த தம்ப் டிரைவுக்கு அது தேவையே இல்லை. அணைத்தால் வட்டுப் பூட்டுதான் விழித்துக்கொண்டு சாவி கேட்கும்.

மொழி, விசைப்பலகைத் திரைகளைத் தாண்டியதும் இரண்டு தேர்வுகள் வரும். ஒன்று ‘இன்ஸ்டால் விண்டோஸ் 11’, இன்னொன்று ‘ரிப்பேர் மை பிசி’. முதலாவதின் கீழே ஒரு சிறு கட்டம் இருக்கும். கோப்புகள், செயலிகள், அமைப்புகள் எல்லாமே அழிக்கப்படும் என்பதற்கு ஒப்புதல் கேட்கும் கட்டம் அது. அவசரத்தில் விரல் அங்கேதான் போகும். போக விடாதீர்கள். ‘ரிப்பேர் மை பிசி’யைத் தேர்ந்து, ‘டிரபிள்ஷூட்’ வழியாக உள்ளே போங்கள். பழைய பதிப்பில் செய்த தம்ப் டிரைவ் என்றால், ‘இன்ஸ்டால் நவ்’ என்ற பெரிய பொத்தான் நடுவில் இருக்கும், ‘ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்’ என்பது இடது கீழ் மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும்.

இங்கே பலர் முட்டிக்கொள்ளும் சுவர், பிட்லாக்கர் என்னும் விண்டோஸின் வட்டுப் பூட்டு. 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு ஒரு திரை வந்தால் பதற வேண்டாம். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைத்த பல மடிக்கணினிகளில் வட்டு, உரிமையாளருக்கே தெரியாமல் பூட்டப்பட்டிருக்கும். சாவியும் பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். கைப்பேசியில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பகுதியில் பிட்லாக்கர் மீட்புச் சாவியைத் தேடுங்கள். திரையில் ‘கீ ஐடி’ என்று ஓர் அடையாளம் தெரியும். அதன் முதல் எட்டு எழுத்துகள் எந்தச் சாவியோடு பொருந்துகின்றனவோ அதுவே உங்களுடையது. ஆறு ஆறாக எட்டுத் தொகுதிகள். ஒருவர் வாசிக்க இன்னொருவர் தட்டினால் பிழை வராது. இந்தச் சாவி இல்லாமல் நீங்கள் மட்டுமல்ல, எந்தக் கடைக்காரரும் அந்த வட்டைப் படிக்க முடியாது. ஆகவே வேறெதையும் தொடும் முன், இன்றே கைப்பேசியில் இதைத் தேடி ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

இனிக் கோப்புகளை எடுக்கும் வேலை. மடிக்கணினியில் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் செருகுங்கள். தம்ப் டிரைவிலேயே நகலெடுக்கப் பார்க்காதீர்கள். அதில் இடமும் போதாது, 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பையும் அது ஏற்காது. ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ திரையில் ‘கமாண்ட் பிராம்ட்’டைத் தேர்ந்தால் கறுப்புச் சாளரம் ஒன்று திறக்கும். அங்கே ஆங்கிலத்தில் நோட்பேட் என்று தட்டி எண்டர் அழுத்துங்கள். கட்டளை எதுவும் மனப்பாடம் செய்யத் தேவையில்லாத, எனக்கு மிகவும் பிடித்த வழி இது. நோட்பேடில் ‘ஃபைல்’, ‘ஓப்பன்’ என்று போனால் கோப்புகளைக் காட்டும் பெட்டி வரும். அதன் கீழே எழுத்துக் கோப்புகள் மட்டும் என்றிருப்பதை ‘ஆல் ஃபைல்ஸ்’ என்று மாற்றுங்கள். இல்லையென்றால் கோப்புறைகள் வெறுமையாகத் தெரிந்து வயிற்றைக் கலக்கும்.

இந்தச் சூழலில் வட்டு எழுத்துகள் இடம் மாறியிருக்கலாம், வழக்கமான சி இப்போது டி ஆகியிருக்கலாம். ‘யூசர்ஸ்’ கோப்புறைக்குள் உங்கள் பெயரில் ஒரு கோப்புறை எதில் இருக்கிறதோ அதுவே உங்கள் வட்டு. அந்தக் கோப்புறையைத் திறந்தால் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் தெரியும். அங்கே காணாதவை ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பு) கோப்புறைக்குள் இருக்கலாம். முழுக் கோப்புறையின் மேல் வலது சொடுக்கு, ‘காப்பி’. பிறகு அதே பெட்டியிலேயே வெளி ஹார்ட் டிஸ்க்குக்குள் போய் ‘பேஸ்ட்’. நகலெடுக்கும்போது எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை எதுவும் வராது. சாளரம் உறைந்துபோனது போல இருக்கும். உறையவில்லை, வேலை நடக்கிறது. மணிவிழாப் படங்கள் அதிகம் இருந்தால் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். மின்கம்பியைச் செருகிவிட்டு அடுப்பு வேலையைப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு கோப்புறை மட்டும் எடுங்கள். எல்லாம் முடிந்ததும் வெளி ஹார்ட் டிஸ்க்கை இன்னொரு கணினியில் செருகி, நாலைந்து படங்களையும் சில பயிற்சித்தாள்களையும் உண்மையிலேயே திறந்து பார்த்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். ஒன்டிரைவ் பயன்படுத்தியிருந்தால், கைப்பேசியில் அதையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பாதிக் கோப்புகள் ஏற்கெனவே அங்கே பத்திரமாக இருக்கலாம்.

கோப்புகள் கைக்கு வந்த பிறகு பழுது பார்ப்பதில் பயம் இல்லை. உங்கள் கணினி புதுப்பிப்புக்குப் பிறகு நின்றது என்பதால் முதலில் அதே ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ திரையில் ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’ போய், கடைசியாக வந்த ‘குவாலிட்டி அப்டேட்’டை நீக்குங்கள். பல வேளைகளில் இதுவே போதும். இல்லையேல் ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’, அதற்கும் மசியாவிட்டால் ‘சிஸ்டம் ரீஸ்டோர்’. இடையில் யாராவது பயாஸில் வட்டு தொடர்பான அமைப்பை மாற்றியிருந்தாலும் இதே பிழை வரும் என்பதால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எதுவும் பலிக்காவிட்டால் அண்ணன் மகன் தாராளமாக விண்டோஸைப் புதிதாகப் போடட்டும். அப்போது வட்டுப் பட்டியல் வெறுமையாக வந்தால் வட்டு செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். பதினோராம் தலைமுறை முதலான இன்டெல் மடிக்கணினிகள் பலவற்றில் விஎம்டி டிரைவர் (வட்டை விண்டோஸுக்கு அடையாளம் காட்டும் சிறு மென்பொருள்) இல்லாமல் வட்டு தெரியாது. தயாரிப்பாளரின் ஆதரவுப் பக்கத்தில் உங்கள் மாடலுக்குரிய டிரைவரை இறக்கி, விரித்து, தம்ப் டிரைவில் போட்டு ‘லோட் டிரைவர்’ மூலம் காட்டினால் போதும்.

உங்களிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு உயர்நிலைப்பள்ளியில் அக்காவோ அண்ணனோ இருந்தால் அவர்கள் வீட்டிலும் சொல்லுங்கள்: பள்ளி வழியாக வாங்கிய கற்றல் சாதனத்தில் இந்த வேலையெல்லாம் செய்யக் கூடாது. அதில் பள்ளியின் நிர்வாக மென்பொருள் இருக்கிறது. அதைப் பள்ளித் தொழில்நுட்பக் குழுவிடம் கொண்டுபோவதே முறை.

கடைக்குக் கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். பயாஸில் வட்டு தெரிந்து, சாவியும் கிடைத்துவிட்டால் 180 வெள்ளி கொடுக்கத் தேவையில்லை. ஒரு சனிக்கிழமையில் அண்ணன் மகனும் நீங்களுமே இதை முடித்துவிடலாம். வட்டு தெரியவில்லை என்றால் விண்டோஸ் போட்டுத் தருகிறோம் என்பவரிடம் கொடுக்காமல், தரவு மீட்பையே தொழிலாகச் செய்யும் இடத்துக்குப் போங்கள். யாரிடம் கொடுத்தாலும், கோப்புகளை எடுக்காமல் வட்டை அழிக்கக் கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.