‘டிவி புகழ்’ என்று நோட்டீஸில் போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமம். பல வருடமாகத் திருவிழா மேடைகளில் லேடி கெட்டப் போடுகிறேன். கண்டாங்கிச் சேலை கட்டிய ‘ஆச்சி’தான் என் வேடம். இப்போது ஒரு டிவி காமெடிப் போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறேன். ஜவுளிக்கடை வேலையை விட்டுவிட்டுப் போகலாமா? முதல் சுற்றிலேயே அனுப்பிவிட்டால் இருக்கிற மேடையும் போய்விடுமோ?

பதில்: போங்கள் தம்பி, வேலையை மட்டும் விடாதீர்கள். இந்த நிகழ்ச்சிகளுக்குத் தினமும் ஷூட்டிங் கிடையாது. ஒரே ஷெட்யூலில் இரண்டு மூன்று எபிசோடை எடுத்துத் தள்ளிவிடுவார்கள். விடிகாலைப் பல்லவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் மதியம் எழும்பூர். முதலாளியிடம் லீவு கேட்டாலே போதும். தீபாவளி நேரத்தில் தேதி விழுந்தால்தான் சங்கடம், அதை இப்போதே அவர் காதில் போட்டுவையுங்கள்.

தோல்வியைப் பற்றிய பயம் தேவையில்லை. அமெரிக்காவில் ‘ரூபால்ஸ் ட்ராக் ரேஸ்’ என்று ஒரு போட்டி 2009 முதல் நடக்கிறது. பெண்வேடக் கலைஞர்களுக்கென்றே உள்ள போட்டி. தையல், மேக்கப், நடிப்பு, காமெடி எல்லாவற்றிலும் சோதிப்பார்கள். 2015இல் வந்த ஏழாவது சீசனில் டிரிக்ஸி மேட்டல் என்பவரை ஒரே சீசனில் இரண்டு தடவை வெளியேற்றினார்கள். அவர் சும்மா இருக்கவில்லை. யூடியூப், பாட்டு, மேடை என்று அதே வேடத்தை விடாமல் பிடித்துக்கொண்டார். 2018இல் பழைய போட்டியாளர்கள் மறுபடி மோதும் அதன் ‘ஆல் ஸ்டார்ஸ்’ பட்டத்தை வென்றார், மறுவருடம் சொந்தமாக மேக்கப் கம்பெனியே தொடங்கிவிட்டார். 2014இல் ஜெயித்த பியாங்கா டெல் ரியோவோ, போட்டிக்கு முன்பே நாடகங்களுக்கு உடை தைத்துக்கொண்டிருந்தவர். இரண்டு பேருக்குமே டிவிக்கு வெளியே ஒரு தொழில் இருந்தது, அதனால் நின்றார்கள்.

நம் ஊர்க் கணக்கும் கிட்டத்தட்ட அதுதான். விழாக் கமிட்டிக்காரர் நீங்கள் எத்தனை மார்க் வாங்கினீர்கள் என்று பார்ப்பதில்லை. நோட்டீஸில் ‘டிவி புகழ்’ என்று போடலாமா என்றுதான் கேட்பார். சம்பளம் ஏறுவது அதனால்தான். ஆனால் அது சீக்கிரம் ஆறிப்போகும். எபிசோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே அட்வான்ஸ் வாங்கிவிடுங்கள். மாசி, பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழா, வைகாசியில் கொப்புடையம்மன் என்று காரைக்குடியிலேயே தேதிகள் இருக்கின்றன. ஒளிபரப்பு ஐப்பசியில் முடிந்தால், மாசிக்கான பேச்சை ஐப்பசியிலேயே முடியுங்கள்.

அதற்கு ஒப்பந்தம் இடம் கொடுக்க வேண்டும். ஷூட்டிங் அன்று மேக்கப் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுக் காகிதத்தை நீட்டினால் நிதானமாகப் படிக்க முடியாது. முன்கூட்டியே மெயிலில் கேட்டு வாங்கி, உள்ளூர் வக்கீல் ஒருவரிடம் காட்டுங்கள். வேறு சேனலில் எத்தனை மாதம் தோன்றக்கூடாது, அந்தக் காலத்தில் கோயில் மேடை ஏறலாமா, சேனல் பெயரை நோட்டீஸில் போடலாமா, இவ்வளவையும் எழுத்தில் வாங்குங்கள். ‘கூப்பிட்டுப் பேசிக்கலாம் ப்ரோ’ என்ற பதில் செல்லாது.

வேடத்தின் பெயர் யாருக்குச் சொந்தம் என்பதையும் பாருங்கள். படம் பிடித்த காட்சிகள் அவர்களுடையவை, அதில் சண்டை போட்டுப் பயனில்லை. ஆனால் கதாபாத்திரம் ஏற்கெனவே உங்களுடையது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். வெறும் ‘ஆச்சி’ என்ற பெயரைப் பதிவது கஷ்டம், எல்லோருக்கும் மசாலா பாக்கெட்தான் ஞாபகம் வரும். உங்களுக்கென்று தனித்துத் தெரிகிற ஒரு முழுப்பெயர் வைத்து, பொழுதுபோக்குக்கான 41ஆம் வகுப்பில் டிரேட்மார்க் விண்ணப்பம் போடுங்கள். தனிநபர் ஆன்லைனில் போட 4,500 ரூபாய். பதிவானால் 10 வருடத்துக்குச் செல்லும், அப்புறம் புதுப்பிக்கலாம். உங்கள் பெயர் அச்சான பழைய திருவிழா நோட்டீஸ் ஒன்றுவிடாமல் எடுத்துவையுங்கள். தேதியோடு இருக்கும் அந்தத் தாள்கள்தான் நாளைக்குச் சாட்சி.

சேலைக்கு வருவோம். கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதைக் கட்டிக்கொண்டு போவது உங்களுக்குப் பலம். ஆனால் பொடிக்கட்டம் போட்டதை எடுக்காதீர்கள். நெருக்கமான கட்டங்கள் கேமராவில் நெளிநெளியாக ஆடும். பெரிய கட்டம், அகலக் கரை, அரக்கோ மஞ்சளோ நன்றாக எடுபடும். பின்கொசுவம் வைத்தே கட்டுங்கள், நடையே மாறிவிடும். திருவிழா மேடைக்குப் பூசுகிற கெட்டியான பான்கேக் மேக்கப்பை அப்படியே அப்பினால் எச்.டி. கேமராவில் பட்டி பார்த்த சுவர் மாதிரி இருக்கும். ஷேவ் செய்த இடத்தின் பச்சை நிழலை மறைக்க முதலில் ஆரஞ்சு நிற கரெக்டர் மெல்லிசாக, அதன்மேல் ஃபவுண்டேஷன்.

ஒன்று கேட்காமலே சொல்கிறேன். ஆண் பெண்வேடம் போடுவது இங்கே புதுசு இல்லை. பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் பையன்கள்தான் நாயகிகள், நாடக நடிகர் டி.கே. சண்முகம் ஔவையாராக நடித்துத்தான் ‘ஔவை’ சண்முகம் ஆனார். சேலை கட்டியதைப் பார்த்தா அவருக்குக் கூட்டம் உட்கார்ந்தது? நிகழ்ச்சிக்கு எழுதுகிறவர்கள் திருநங்கைகளைக் கிண்டலடிக்கும் வசனத்தைக் கையில் திணிக்கலாம். மறுத்துவிடுங்கள். வட்டிக்கணக்குப் போடும் ஆச்சி, சம்பந்தியிடம் சீர் பேசும் ஆச்சி என்று உங்களிடம் சரக்கு இருக்கும்போது அந்த மட்டமான சிரிப்பு எதற்கு?

கடைசியாக வரி. எபிசோடு சம்பளத்தில் 10 சதவீதம் பிடித்தார்கள் என்றால் பான் எண் சரியாகக் கொடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம், கொடுக்காவிட்டால் 20. வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் ரிட்டர்ன் தாக்கல் செய்து அதைத் திரும்ப வாங்கலாம். போட்டியில் ஜெயிக்கும் பரிசு வேறு கணக்கு. அதில் 30 சதவீதத்தை எடுத்துக்கொண்டுதான் மிச்சம் தருவார்கள். காராகக் கிடைத்தால், அதன் மதிப்புக்கான வரியைக் கட்டிய பிறகே கையில் வரும். அந்தப் பணத்தை யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று வக்கீலிடம் போகும்போது மறக்காமல் கேளுங்கள்.